ப்ரீட் பூனைக்குட்டிய வீடு மாத்தி விடுறது: கேளுங்க, சொல்றேன்

கே: அக்கா, 8 வாரத்துலயே குட்டிய எடுத்துக்கோங்கன்னு ப்ரீடர் (இனப்பூனை வளர்த்துக் குட்டி விக்கிறவர்) சொல்றார். எடுக்கலாமா?

வேணாம்மா. பால் மறந்து தானா சாப்பிட ஆரம்பிச்சுட்டா குட்டி ரெடின்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, ஆனா அது மட்டும் போதாது. விளையாடும்போது கூடப்பொறந்தத அழுத்திக் கடிச்சா அது வீல்னு கத்திட்டு விலகிடும், ரொம்பப் போனா தாய் ஒரு அடி போடும், எவ்ளோ கடிக்கலாம்னு குட்டி கத்துக்கிறது அப்படித்தான், பாதில தூக்கிட்டு வந்தா அந்தக் கடியெல்லாம் உங்க கைக்குத்தான். இன்னொண்ணு, தாய்கிட்ட இருந்து வந்த எதிர்ப்பு சக்தி குறைஞ்சு, வாக்சின் இன்னும் முழுசா புடிக்காத ஒரு இடைவெளி இருக்கு, சரியா அந்த நேரத்துல வீடும் மாறி சாப்பாடும் மாறுனா வயித்தால போகும், சளி புடிக்கும். 12 வாரம் குறைஞ்சபட்சம்.

கே: மெயின் கூன் இனக் குட்டி வாங்கப்போறேன், தாய் தகப்பன் ரெண்டுக்கும் டிஎன்ஏ டெஸ்ட் நெகட்டிவ். போதுமா?

போதாது. அந்த டெஸ்ட் பாக்குறது இதயத் தசை தடிக்கிற வியாதிக்கான தெரிஞ்ச மரபணு மாற்றத்த மட்டும்தான், அது இல்லாமலும் அந்த வியாதி வரும். பெத்த ரெண்டுக்கும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்திருக்காங்களா, எப்ப எடுத்தாங்கன்னு கேளுங்க, ஒரு தடவ எடுத்து ஃபைல்ல வச்சா ஆகாது, இனப்பெருக்கத்துல இருக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப எடுக்கணும். பெர்ஷியன் இனத்துல வர்ற கிட்னி நீர்க்கட்டிக்கு டிஎன்ஏ டெஸ்ட் நல்லாவே உதவும்.

கே: 7 வாரக் குட்டி, தானா சாப்பிடுது, எடுக்கலாமா?

மேல பாருங்க. 12.

கே: காது மடிஞ்சிருக்குமே, அந்த ஸ்காட்டிஷ் ஃபோல்ட் இனப் பூனை யாருகிட்ட வாங்கலாம்?

யாருகிட்டயும் வேணாம். காத மடிக்கிற அதே மரபணுதான் மூட்டுக் குருத்தெலும்பையும் கெடுக்குது, மடிஞ்ச காது இருந்தா அந்தக் கோளாறும் இருக்கு.

கே: முடியலன்னா ப்ரீடர்கிட்டயே திருப்பிக் கொடுக்கணும்னு கான்ட்ராக்ட்ல போட்டிருக்கு. காசு கொடுத்து வாங்குனது, என் இஷ்டத்துக்கு யாருக்கும் கொடுக்கக்கூடாதா?

கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா அந்த வரி இல்லாத கான்ட்ராக்ட்டப் பாத்துதான் நீங்க பயப்படணும். வேலை போகுது, வீடு மாறுது, அலர்ஜி வருது, அப்ப அவசரத்துல பூனை யாரோ ஒருத்தர் கைக்குப் போகும், அவர் இன்னொருத்தர்கிட்ட விடுவார், கருத்தடை பண்ணாத பெட்டையா இருந்தா ஈத்து ஈத்தா குட்டி போட வச்சே முடிச்சுடுவாங்க. நல்ல வீடு ஒண்ணு நீங்களே பாத்து வச்சிருந்தா ப்ரீடர்கிட்ட சொல்லுங்க, நியாயமானவர் அந்த வீட்ட விசாரிச்சுட்டு ஒத்துக்குவார்.

கே: (இன்னொருத்தர்) திருப்பி வாங்கி மறுபடி விக்கிறாங்களே, அது மட்டும் நியாயமா?

இல்ல, அது ஏமாத்து வேலை. செக்கப்புக்கும் சாப்பாட்டுக்கும் ஆன செலவ புது ஆள்கிட்ட வாங்கிக்கட்டும், அதுக்கு மேல லாபம் பாக்கக்கூடாது.

கே: (ஒரு ப்ரீடர்) அக்கா, நானும் இதே தொழில்ல இருக்கேன். ஆறு வயசுப் பூனைய திருப்பி எடுத்தா வைக்க எங்கிட்ட இடமே இல்ல, நடைமுறையையும் பாருங்க.

இடம் இல்லன்னா அடுத்த ஈத்த நிறுத்துங்க தம்பி. அந்த உசுரு இங்க வந்ததுக்குக் காரணம் நீங்க, அது வேணும்னு எந்தப் பூனையும் உங்ககிட்ட கேக்கல. வருஷத்துக்கு எத்தன ஈத்துன்னு முடிவு பண்ணும்போதே திரும்பி வர்றதுக்கு ஒரு ரூம ஒதுக்கி வச்சுட்டுதான் கணக்குப் போடணும். கருத்தடையும் அப்படித்தான், வாங்குறவர் பண்ணுவார்னு பேப்பர புடிச்சு வச்சா மட்டும் நடக்காது, பெட்டைக்குட்டி நாலு மாசத்துலயே சினையாகலாம், நல்ல வெட்கிட்ட (கால்நடை டாக்டர்) பண்ணி முடிச்சுட்டே கை மாத்துங்க. உங்கள நோகடிக்க சொல்லல, ஆனா இதுல நான் இறங்கி வர மாட்டேன்.

கே: ப்ரீடர் ஏகப்பட்ட கேள்வி கேக்குறார், எரிச்சலா இருக்கு.

சந்தோஷப்படுங்க. அட்வான்ஸ் எப்பன்னு மட்டும் கேக்குறவர்கிட்ட இருந்து விலகுங்க. தாய்ப்பூனைய காட்ட மறுத்தாலும் கெளம்பிடுங்க.

கே: 9 வாரம்?

12ங்க.

கே: நேத்து வந்த குட்டி இன்னும் ஒண்ணுமே சாப்பிடல அக்கா.

இங்க உக்காந்து பதிலுக்குக் காத்திருக்காதீங்க, இப்பவே வெட்கிட்ட தூக்கிட்டுப் போங்க, குட்டிங்க அவ்ளோ நேரம் தாங்காது. போற வழில ப்ரீடருக்கு போன் போட்டு என்ன சாப்பாடு கொடுத்தாங்க, என்னைக்கு வாக்சின் போட்டாங்கன்னு கேட்டு வச்சுக்கோங்க, டாக்டர் கேப்பார்.