தோற்ற பிறகு யாரோடு சண்டை?

அன்புள்ள ஐயா,

நான் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். போன சட்டமன்றத் தேர்தலில் எங்கள் வேட்பாளர் தோற்றார், ஆட்சியும் கைமாறியது. இன்றுவரை எனக்கு மனசு ஆறவில்லை. புதிய அரசு எதைச் செய்தாலும் எதிர்த்துப் பேசுகிறேன், எழுதுகிறேன். “எலக்‌ஷன்தான் முடிஞ்சுபோச்சே, இன்னும் எதுக்கு மல்லுக்கட்டறீங்க” என்கிறார் மனைவி. நண்பர்களும் அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் பணம் கொடுத்து ஜெயித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். எந்திரத்தின் மேலும் சந்தேகம் இருக்கிறது. ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன் என்று இந்த ஊருக்காக வருடக்கணக்கில் அலைந்தவன் நான். இப்போது யாராவது வந்து நின்றால் “ஓட்டுப் போட்ட இடத்திலேயே போய்க் கேளுங்கள்” என்று அனுப்பிவிடுகிறேன். தோற்ற கட்சிக்காரன் எத்தனை நாள் எதிர்க்கலாம், எங்கே நிறுத்த வேண்டும்? பேசாமல் வேறு கட்சிக்குப் போய்விடலாமா என்றும் தோன்றுகிறது.

(பெயர், ஊர், கட்சி மூன்றையும் நீக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள தம்பி,

எத்தனை நாள் எதிர்க்கலாம் என்று கேட்டால், ஐந்து வருடமும் எதிர்க்கலாம். உங்கள் மனைவியும் நண்பர்களும் சொல்வதுபோல வாக்கு எண்ணிய அன்றோடு வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. ஜெயித்தவர்களுக்கு ஆளும் உரிமையைத்தான் மக்கள் கொடுத்தார்கள். யாரும் கேள்வி கேட்காத ஐந்து வருடத்தைக் கொடுக்கவில்லை. உங்கள் கட்சிக்கு விழுந்த ஓட்டுகளும் ஓட்டுகள்தானே? அவர்களுக்காகப் பேச ஆள் வேண்டாமா?

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தது இந்தக் கேள்விக்காக இல்லை. “ஓட்டுப் போட்ட இடத்திலேயே போய்க் கேளுங்கள்” என்று அனுப்பிவிடுகிறேன் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைப் பெருமையாக எழுதினீர்களா, வருத்தத்தில் எழுதினீர்களா தெரியவில்லை. அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கூடவே என் பெரியப்பாவின் ஞாபகமும் வந்தது.

பெரியப்பா கோவையில் காங்கிரஸ்காரர். பெரிய பதவியெல்லாம் கிடையாது. மில் தொழிலாளர்கள் நிறைய இருந்த தெரு அது. தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலர்தான், அதிலும் பொறுமையாக உட்கார்ந்து மனு எழுதித் தருகிறவர் அவர் ஒருவர்தான். தாலுகா ஆபீஸுக்கு, முனிசிபாலிட்டிக்கு, மில் நிர்வாகத்துக்கு என்று காலையில் திண்ணையில் ஆட்கள் காத்திருப்பார்கள். யாரிடமும் காசு வாங்கமாட்டார். கதர்ச் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும்.

1967 வந்தது. விருதுநகரில் காமராஜரே 1,285 ஓட்டில் தோற்றார், பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம். முதலமைச்சர் பக்தவத்சலமும் தோற்றார். பெரியப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். அதுகூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தேர்தலில் வாக்கு சதவீதத்தில் காங்கிரஸ் திமுகவைவிட ஒரு மயிரிழை மேலே இருந்தது. இவர்களுக்கு 41.1, அவர்களுக்கு 40.7. ஆனால் 137 இடங்களோடு திமுக ஆட்சிக்கு வந்தது. “ஜனங்க நமக்குத்தான் போட்டிருக்காங்க, கூட்டணி கட்டிக் கவுத்துட்டாங்க” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். காங்கிரஸ் அநேகமாக எல்லாத் தொகுதியிலும் நின்றது என்பதையும், திமுக மற்ற கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்து 174 இடங்களில் மட்டும் நின்றது என்பதையும் அவர் கணக்கில் சேர்க்கவே மாட்டார். தோற்றவனுக்கு இப்படி ஒரு கணக்கு கிடைத்துவிட்டால் போதும், அதற்கப்புறம் அவனுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. உங்களுடைய பணமும் எந்திரமும் அந்த ரகமாகத்தான் எனக்குத் தோன்றுகிறது, கொஞ்சம் பொறுங்கள், அதற்கும் வருகிறேன்.

அப்புறம் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் வந்தது. சென்னையிலும் கோவையிலும்தான் முதலில் கொடுத்தார்கள். “மூணு படி லட்சியம்னாங்களே, எங்கே மூணு படி?” என்று பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்வி. எதிர்க்கட்சிக்காரன் கேட்டே ஆகவேண்டிய கேள்வி. அதை அவர் மேடையில் கேட்டிருக்கலாம், பத்திரிகைக்கு எழுதியிருக்கலாம். அவர் செய்தது, வீட்டில் அந்த அரிசியை வாங்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. பெரியம்மா ஒன்றும் பேசாமல் கடையில் அதிக விலைக்கு வாங்கிச் சமைத்தார். அரசாங்கத்துக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

இதையும் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது அடுத்து நடந்ததுதான். பக்கத்துச் சந்தில் தனியாக ஒரு பாட்டி இருந்தார். முதியோர் பென்ஷன் நின்றுபோய், வழக்கம்போல மனு எழுதித்தரச் சொல்லித் திண்ணைக்கு வந்தார். பெரியப்பா பேனாவைத் தொடவில்லை. “உதயசூரியனுக்குத்தானுங்களே போட்டீங்க, அங்கயே போயி எழுதிக்குங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், எங்கள் ஊர்ப் பேச்சு அப்படி. பாட்டி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று பெரியப்பாவுக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை அன்றைய காங்கிரஸ் சின்னமான இரட்டைக் காளைக்கே போட்டிருக்கலாம். அந்தத் தெருவில் இருந்தவர்கள் எல்லாரையும் அவர் ஒரே நாளில் எதிரியாக்கிக்கொண்டார்.

பாட்டிக்கு அந்தத் தெருவிலேயே வேறு ஓர் ஆள் கிடைத்தார். திமுக கிளைக்காரர், மில்லில் ஷிப்ட் வேலை. அவருக்கு மனு எழுத அவ்வளவாக வராது. ஆனால் லீவு போட்டுவிட்டுப் பாட்டியைத் தாலுகா ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். காலையில் ஆட்கள் உட்காரும் திண்ணை கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறிவிட்டது. 1971 தேர்தலில் திமுக 184 இடங்களில் ஜெயித்தபோது அதற்குப் பெரியப்பா ஆயிரம் காரணம் சொன்னார். அந்த வெற்றிக்குப் பெரிய காரணங்கள் நிறைய உண்டுதான். ஆனால் எங்கள் தெருவில் காங்கிரஸ் தோற்றது 1967இல் இல்லை, அந்தப் பாட்டி திரும்பிப் போன காலையில்தான். இதை நான் வளர்ந்த பிறகு பெரியம்மாதான் சொன்னார்.

தம்பி, அரசாங்கத்தை எதிர்ப்பது ஒன்று. ஓட்டுப் போட்டவர்களை எதிர்ப்பது வேறு. நீங்கள் முதலாவதைச் செய்வதாக நினைத்துக்கொண்டு இரண்டாவதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். மந்திரியிடம் காட்ட முடியாத கோபத்தை, பென்ஷன் கேட்டு வந்த மனுஷியிடம் காட்டுகிறீர்கள். “ஜனங்க காசு வாங்கிட்டுப் போட்டுட்டாங்க” என்று சொல்கிற தொண்டர்களை எல்லாக் கட்சிகளிலும் பார்க்கிறேன். ஜெயித்தால் மக்கள் தீர்ப்பு மகேசன் தீர்ப்பு, தோற்றால் ஜனங்களுக்குப் புத்தியில்லை. நேற்றுவரை தாய்மார்களே, பெரியோர்களே என்று கைகூப்பியவர்கள் இவர்கள். இரவோடு இரவாக அதே தாய்மார்கள் எப்படி விலைபோனவர்கள் ஆனார்கள்? அப்படியானால் அதற்கு முந்தின தேர்தலில் உங்களை ஜெயிக்கவைத்தபோது அவர்கள் யார்? உங்கள் மேல் எனக்கு அக்கறை இருப்பதால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன். வருடக்கணக்கில் ஒரு ஊருக்காக அலைந்த கால்கள் உங்களுடையவை. அந்த உழைப்பு ஓட்டுக்காக மட்டும்தான் என்று நீங்களே ஊருக்கு நிரூபித்துக் காட்டலாமா?

தோற்ற பிறகு எப்படி எதிர்ப்பது என்று பார்க்க வேண்டுமானால் 1962ஐப் பாருங்கள். அந்தத் தேர்தலில் திமுக 15இலிருந்து 50 இடங்களுக்கு உயர்ந்தது, ஆனால் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். சொந்த ஊர்க்காரர்கள் தோற்கடித்தார்கள். அவர் மாநிலங்களவைக்குப் போனார், பேசினார். அதே வருடம் விலைவாசி உயர்வை எதிர்த்துப் போராடி வேலூர் சிறைக்குப் போனார். அக்டோபரில் சீனா படையெடுத்ததும் அவருடைய கட்சி, தன்னைச் சிறையில் அடைத்த அதே காங்கிரஸ் அரசின் பக்கம் நின்றது. எதை எதிர்ப்பது, எதில் கூடநிற்பது என்ற கணக்கு தெளிவாக இருந்தது. ஐந்து வருடம் கழித்துக் காங்கிரஸும் ஒரு தடவை அப்படி நடந்துகொண்டது. 1967 ஜூலை 18 அன்று தமிழ்நாடு என்று பெயர் மாற்றும் தீர்மானம் வந்தபோது, ஆட்சியில் இருந்தவரை அந்தக் கோரிக்கையை மறுத்துவந்த காங்கிரஸ் எதிர்த்து ஓட்டுப்போடவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. காமராஜரும் தோற்றதோடு ஒதுங்கிவிடவில்லை. 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று மக்களவைக்குப் போனார். என் பெரியப்பாவின் தலைவர் மறுபடியும் மக்களிடம் ஓட்டுக் கேட்டுப் போய்விட்டார், பெரியப்பாதான் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சரி, பணமும் எந்திரமும். பணம் விளையாடவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் கட்சி ஒரு பைசா கொடுக்கவில்லை என்று உங்களால் எனக்கு எழுத முடியுமா? முடிந்தால் எழுதுங்கள், இந்தப் பகுதியிலேயே வெளியிடுகிறேன். எந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. ஓட்டுப்பதிவு முடிந்ததும் பூத் ஏஜென்டுகளுக்கு 17சி படிவத்தின் நகல் கொடுப்பார்கள், பதிவான ஓட்டுகளின் எண்ணிக்கை அதில் இருக்கும். உங்கள் பூத்துக்கான நகலை வாங்கி வைத்திருக்கிறீர்களா? எண்ணும் அன்று அதோடு ஒப்பிட்டுப் பார்த்தது யார்? இதற்குப் பதில் இல்லாவிட்டால் அந்தச் சந்தேகத்தை மேற்கொண்டு பேச எனக்கு விருப்பமில்லை.

உண்மையிலேயே அநியாயம் நடந்திருந்தால் வழி இருக்கிறது. முடிவு வந்த 45 நாளுக்குள் உயர்நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம். 1971இல் ரேபரேலியில் இந்திரா காந்தியிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் தோற்ற ராஜ்நாராயண் அப்படித்தான் போனார். அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் தோற்றவர் கோர்ட்டுக்குப் போனதைப் பலர் வீண்வேலை என்று நினைத்திருப்பார்கள். 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர்நீதிமன்றம் இந்திராவின் வெற்றி செல்லாது என்றது. அந்த வருடமே உச்சநீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. 1977இல் ராஜ்நாராயண் அதே தொகுதி மக்களிடம் திரும்பப் போய் அதே இந்திராவைத் தோற்கடித்தார்.

இந்த வழி மெதுவானது என்பது உண்மை. 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் 49 ஓட்டில் தோற்ற திமுக வேட்பாளர் அப்பாவு வழக்குப் போட்டார். 2019இல்தான் உயர்நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை போட்டது. அதற்குள் 2021 தேர்தலே வந்துவிட்டது. அவர் அதில் நின்று ஜெயித்துச் சபாநாயகர் ஆனார். தேர்தல் வழக்குகளை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியே இருக்கிறது, ஆனால் ஒரு சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துபோகிறது. எதிர்க்க வேண்டுமென்றால் இதை எதிர்த்து ஒரு போராட்டம் நடத்துங்கள், நானே வந்து உட்காருகிறேன். ஆனால் உங்கள் வேட்பாளர் வழக்குப் போட்டாரா? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஊரில் செய்யவும் எதிர்க்கட்சிக்காரனுக்கு வேலை நிறைய இருக்கிறது. கிராம சபையில் எழுந்து வரவுசெலவைக் கேளுங்கள். போட்ட ரோட்டுக்கு எஸ்டிமேட் எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பென்ஷன் நின்றுபோன பத்துப் பேரை ஒன்றாகக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் வாசலில் நில்லுங்கள். ஆளுங்கட்சிக்காரர்களால் அப்படி நிற்க முடியாது, அது அவர்கள் அரசாங்கம். உங்களால் முடியும். தோற்றவனுக்குக் கிடைத்திருக்கிற சுதந்திரம் அது. அதை வைத்துக்கொண்டு நீங்கள் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

கட்சி மாறுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொள்கை பிடிக்கவில்லை என்றால் மாறுங்கள், அதில் தவறில்லை. தோற்றதால் மாறுவதென்றால், 1976இல் ஆட்சி கலைக்கப்பட்ட திமுக மறுபடி கோட்டைக்குள் போனது 1989இல். பதின்மூன்று வருடம். இடையில் மூன்று சட்டமன்றத் தேர்தல்களில் தோற்றது. அத்தனை வருடமும் கிளைக் கழகத்தில் கொடி ஏற்றிக்கொண்டு, பொதுக்கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டு இருந்தவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். உங்கள் கட்சி தோற்று இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை, தம்பி.