கேட்டீர்கள், சொல்கிறோம்

கே: ஏஐ வந்துவிட்டால் நடிகர்களே வேண்டாமாமே? (வாசகர், பாலக்கோடு)

ப: இந்தப் பயத்திலும்தான் 2023-ல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள், நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், நடிகரின் உருவத்தைக் கணினியில் நகலெடுக்க அவருடைய சம்மதமும் சம்பளமும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகுதான் நடிகர்கள் ஷூட்டிங்குக்குத் திரும்பினார்கள். முகத்தைச் செய்துவிடலாம், சரி. கட்அவுட்டுக்குப் பால் ஊற்றும் அரூர் தம்பி யாருக்கு ஊற்றுவான்?

கே: ஹாலிவுட்டில் நட்சத்திர மவுசு குறைந்துவிட்டதா? (வாசகி, ஊத்தங்கரை)

ப: ஆளைவிட வேஷத்துக்குத்தான் கூட்டம். டோபி மெக்வயர், ஆண்ட்ரூ கார்ஃபீல்ட், டாம் ஹாலண்ட் என்று ஸ்பைடர்மேன் ஆளே மாறினாலும் டிக்கெட் விற்றது. நம் ரசிகர்களிடம் அப்படி மாற்றிப் பாருங்கள், தெரியும்! டாம் குரூஸ் மட்டும் விதிவிலக்கு, 60 வயதைத் தாண்டியும் தானே விமானத்தில் தொங்குகிறார்.

கே: தியேட்டர் பிழைக்குமா? (வாசகர், கிருஷ்ணகிரி)

ப: பெரிய படங்களுக்குப் பிழைக்கும். சில வாரத்தில் போனிலேயே வந்துவிடும் என்று தெரிந்தும், ஐமேக்ஸ் என்ற ராட்சதத் திரையில் பார்க்க உங்கள் ஊரிலிருந்து பெங்களூருக்குப் பஸ் ஏறும் பையன்கள் இருக்கிறார்களே. சின்னப் படங்களுக்குத்தான் சிக்கல். பாப்கார்ன் விலையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.