வாசகர் கேள்வி-பதில்: தேன் கெடவே கெடாதா?

கேள்வி: நெருக்கடிக் காலத்துக்கென அரிசி, பருப்பு, டின் உணவு ஆகியவற்றோடு தேனும் எடுத்துவைத்திருக்கிறோம். தேன் கெடவே கெடாது என்பார் என் மாமியார். சென்ற ஆண்டு உறவினர் ஒருவர் கொல்லிமலையிலிருந்து கொண்டுவந்த இரண்டு புட்டித் தேனை எங்கள் வீட்டுப் பாம் ஷெல்டரில் (நெருக்கடியில் ஒதுங்கும் பாதுகாப்பு அறையில்) வைத்திருந்தேன். ஒன்று அடியில் வெள்ளையாக உறைந்திருக்கிறது. மற்றொன்று மேலே நுரைத்திருக்கிறது. இது கலப்படத் தேனா? (வாசகி, யீஷூன், சிங்கப்பூர்)

பதில்: இவ்விரண்டும் வெவ்வேறு செய்திகள், சகோதரி. உறைந்த தேனில் குற்றமில்லை. தேனிலுள்ள குளுக்கோஸ் தானாகவே மணிமணியாகப் பிரிந்து படிவது இயல்பு. அதை வைத்துக் கலப்படம் என்று முடிவுசெய்ய இயலாது. கைபொறுக்கும் சூடான நீரில் அந்தப் புட்டியைச் சிறிது நேரம் நிற்கவைத்தால் தேன் மீண்டும் இளகிவிடும். அடுப்பில் நேரடியாகக் காய்ச்ச வேண்டாம். மணமும் நிறமும் மாறிவிடும்.

நுரைத்த புட்டிதான் கவலைக்குரியது. எனக்கும் ஒருமுறை இப்படி நேர்ந்தது. மூடியைத் திருகியதும் 'புஸ்' என்று காற்று வெளியேறி, கள்ளைப் போன்ற புளித்த வாடை அடுப்படி முழுவதும் பரவியது. தேன் நெடுநாள் தாங்குவதற்குக் காரணம் அதில் நீர் மிகக் குறைவாக இருப்பதும், அது அமிலத்தன்மை உடையதாக இருப்பதும்தான். தேனீக்கள் அடையை மெழுகால் மூடிய பிறகு எடுக்கப்படும் முதிர்ந்த தேனில் நீர் பெரும்பாலும் 17 அல்லது 18 விழுக்காடுதான் இருக்கும். 20 விழுக்காட்டைத் தாண்டினால், அதிலேயே உறங்கிக் கிடக்கும் ஈஸ்ட் விழித்துப் புளிக்கவைத்துவிடும். ஈரக்காற்று மிகுந்த மலைக்காடுகளில் எடுக்கும் தேனிலும், அடை முதிருமுன் பிழிந்த தேனிலும் நீர் கூடுதலாக இருப்பது வழக்கம். ஆகவே உங்கள் உறவினர் கொண்டுவந்தது கலப்படமற்ற நல்ல தேனாகவே இருக்கலாம், ஆனால் சேமிப்புக்கு ஏற்ற தேனன்று. அதை நெருக்கடிச் சேமிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் வாயு சேர்ந்து புட்டியே விரிசல் விடக்கூடும்.

இன்னொரு காரணம் நம் ஊர்க் காற்று. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாண்டினாலே தேன் அதிலிருந்து நீரை உறிஞ்சத் தொடங்கும். சிங்கப்பூரிலோ ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். எனவே ஒரே பெரிய புட்டியை அடிக்கடி திறந்து மூடுவதைவிட, விளிம்புவரை நிரம்பிய, முத்திரை பிரிக்காத சிறு கண்ணாடிப் புட்டிகளாக வாங்கிவைப்பதே மேல். திறந்த புட்டியில் ஈரக் கரண்டி படவே கூடாது. பித்தளை, செம்புப் பாத்திரங்களிலும் ஊற்றி வைக்காதீர்கள்; தேனின் அமிலம் உலோகத்தை அரிக்கும். ஷெல்டர் இருட்டாக இருப்பது தேனுக்கு நல்லதுதான், ஆனால் நெருக்கடி வந்தால் குடும்பமே ஒதுங்க வேண்டிய அறை அது என்பதால் அதை அடைத்துவிட வேண்டாம். புட்டியில் வாங்கிய தேதியை எழுதி, பழையதை முதலில் தோசைக்கோ தேநீருக்கோ எடுத்துவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வையுங்கள்.

கேள்வி: தேனைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாமா? எறும்புக்குப் புட்டியடியில் தண்ணீர்த் தட்டு வைக்கிறேன். (வாசகர், ஜூரோங்)

பதில்: குளிரில் தேன் கெடாது, விரைவாக உறையும்; அறைவெப்பமே போதும். தண்ணீர்த் தட்டை மட்டும் இன்றே எடுத்துவிடுங்கள். ஊரில் பாட்டிமார் செய்த நல்ல உபாயந்தான், ஆனால் இங்கே அந்தத் தேங்கிய நீரில் டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். புட்டியின் கழுத்தை வெந்நீர்த் துணியால் துடைத்து, மூடியுள்ள டப்பாவுக்குள் வைத்தால் எறும்பு வராது.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்கு அவசரத்தில் தேன் தரலாமா? (வாசகி, பொங்கோல்)

பதில்: கூடவே கூடாது. 12 மாதம் நிறையாத குழந்தையின் குடலில், தேனில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்னும் கடும் நச்சுநோயை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் முளைத்து நஞ்சைச் சுரக்கலாம். தசைகள் தளர்ந்து மூச்சே தடைபடலாம். வீட்டில் காய்ச்சினாலும் அந்த வித்துகள் அழிவதில்லை. சேனை தொட்டுவைக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களும் தேனைத் தவிர்க்க வேண்டுமென்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இருட்டிலும் பதற்றத்திலும் யார் கைக்கு எது கிடைக்கும் என்று சொல்ல முடியாதாகையால், சேமிப்பிலுள்ள ஒவ்வொரு தேன் புட்டியிலும் 'பாப்பாவுக்கு இல்லை' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.