கடல் கேள்விகள்: கயிறு அதிர்ந்தால் திரும்பிவிடுங்கள்

கேள்வி: வாரத்தில் மூன்று நாள் நீச்சல் தடாகத்தில் நாற்பது சுற்று நீந்துகிறவன் நான். போன சனிக்கிழமை பாணந்துறைக்கு அப்பால், 2012இல் மூழ்கிய தெர்மோபிலி சியெரா கப்பலைப் பார்க்க இறங்கினோம். நீரோட்டம் கடுமை. வழிகாட்டியின் பின்னால் போக முடியாமல் மூச்சு வாங்கி, எல்லோருக்கும் முன்பே மேலே வந்துவிட்டேன். நண்பர்கள் இன்னும் கேலி செய்கிறார்கள். எனக்குப் பலம் போதாதா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, நீங்கள் மேலே வந்ததுதான் சரி. பலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு.

ஒரு நொட் நீரோட்டம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 30 மீட்டர். காலி வீதியில் நடக்கிறவருக்கு அது ஆமை வேகம். சிலிண்டரையும் ஜாக்கெட்டையும் சுமந்தவர் அதை எதிர்த்துச் சில நிமிடம்கூடத் தாக்குப்பிடிப்பது கஷ்டம். ஓட்டம் இரட்டித்தால் தண்ணீர் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 20 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மடங்கு காற்று செலவாகும். இளைக்க இளைக்க உடம்பில் கரியமில வாயு தேங்கும். அப்போது சிலிண்டர் நிறைய இருந்தாலும் காற்றே வராததுபோல் நெஞ்சு அடைக்கும். பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்கிறவர்களின் நுரையீரல் கிழிந்துபோகலாம்.

நானும் இதில் மாட்டியிருக்கிறேன், 31 வயதில், கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே. நங்கூரக் கயிற்றைப் பிடித்ததுமே உள்ளங்கையில் அது தம்புராத் தந்திபோல அதிர்ந்தது. என் குமிழிகள் மேலே போகாமல் காதை உரசிக்கொண்டு படுக்கையாகப் பின்னால் ஓடின. தலையைப் பக்கவாட்டில் திருப்பினேன். முகக்கண்ணாடி நகர்ந்து தண்ணீர் புகுந்தது. மற்றவர்கள் இறங்குகிறார்களே என்று நானும் இறங்கினேன். பத்தே நிமிடத்தில் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருந்த காற்று 90 ஆகிவிட்டது. கயிற்றுக்குத் திரும்ப முடியவில்லை. ஓட்டத்தோடு போய் மெல்ல மேலே வந்தபோது படகு தீப்பெட்டி அளவில் தெரிந்தது. மற்றவர்கள் ஏறி, நங்கூரம் எடுத்து, என்னைத் தேடி வர ஐம்பது நிமிடம். அதுவரை செம்மஞ்சள் சிக்னல் குழாயைப் பலூன்போல ஊதி நிமிர்த்திப் பிடித்தபடி மிதந்தேன். அந்தக் குழாய் இல்லையென்றால் இந்தப் பத்தியை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

குதிக்கும் முன், இறங்கும் கயிற்றில் கட்டிய மிதவையைப் பாருங்கள். அது தண்ணீரை வெட்டி வால் விட்டாலோ அமிழ்ந்து கிடந்தாலோ, ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டு பொறுத்திருங்கள். இறங்கும்போது கயிற்றிலிருந்து கையை எடுக்காதீர்கள். முதலில் ஓட்டத்தை எதிர்த்த பக்கம் போனால், திரும்பும்போது அதுவே உங்களைக் கயிற்றுக்குக் கொண்டுவரும். கப்பலின் மறைவுப் பக்கத்தில் தண்ணீர் அடங்கியிருக்கும். இளைப்பு வந்தால் அங்கே எதையாவது பிடித்து நின்று மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். அடங்கவில்லையா, கட்டைவிரலை உயர்த்துங்கள். 'மேலே போவோம்' என்ற அந்தச் சைகைக்குக் காரணம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை, உங்கள் நண்பர்களுக்கும்தான்.

கேள்வி: என் மகன் சனிக்கிழமைகளில் சுழியோடப் போகிறான். தடுக்க மனமில்லை. எதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் நிம்மதியாக இருக்கலாம்?
— ஒரு தாய், தெஹிவளை

பதில்: அக்கா, 'படகில் யார் இருப்பார்கள்?' என்று முதலில் கேளுங்கள். முத்துக் குளிக்கிறவன் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பான் என்று நம் பக்கம் சொல்வார்கள். தன் தங்கையின் புருஷனை அவன் கைவிடமாட்டான் என்ற நம்பிக்கை. இன்று அந்தக் கயிறு படகோட்டியின் கண்தான். எல்லோரும் இறங்கிய பிறகும் ஒருவர் படகிலேயே இருந்து குமிழிகளைப் பின்தொடர வேண்டும். ஒரு நொட் ஓட்டத்தில் அரை மணி நேரம் போனால் ஆள் 900 மீட்டருக்கு அப்பால் இருப்பார். அலைக்கு நடுவே ஒரு தலை அத்தனை தூரத்தில் கண்ணுக்கு அகப்படாது.

ஏறியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சரிபார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளப்பாறையில் தலையை எண்ணியதில் பிழை விட்டு, ஒரு கணவன் மனைவியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரைக்குப் போய்விட்டது. அவர்கள் கிடைக்கவே இல்லை. 2014 பெப்ரவரியில் பாலிக்கு அருகே ஏழு ஜப்பானியப் பெண்களை ஓட்டம் அடித்துச் சென்றது; ஐந்து பேர்தான் உயிரோடு மீட்கப்பட்டார்கள், அதுவும் மூன்று நாள் கழித்து.

மகனிடம் சொந்தமாகச் சிக்னல் குழாயும் விசிலும் இருக்கட்டும். பிறந்தநாளுக்கு நீங்களே வாங்கிக் கொடுங்கள். படகில் ஒட்சிசன் சிலிண்டரும் ரேடியோவும் இருக்க வேண்டும். சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கரையில் இறங்குவதாகச் சொன்னால், அப்போது மட்டும் தடுத்துவிடுங்கள்.

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கும் மச்சான் ஞாயிறு காலை டைவ் அடித்துவிட்டு இரவு பிளைட் ஏறலாம் என்கிறான். சரிவருமா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம். பல டைவ் அடித்தவர் பறக்கும் முன் குறைந்தது 18 மணி நேரம் தரையில் இருக்க வேண்டும். ஒரே ஒரு டைவ் என்றாலும் 12 மணி நேரம். இரத்தத்தில் கரைந்த நைதரசன் வெளியேறும் முன் ஆகாயத்தில் அழுத்தம் குறைந்தால் அது குமிழியாகும். ஓட்டத்தோடு மல்லுக்கட்டிய நாளில் ஆபத்து இன்னும் கூடும். வெள்ளிக்கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள். ஞாயிறு காலை காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை சாப்பிடட்டும்.