பாட்டு அதிர்கிறது, பேச்சு கேட்கவில்லை: ஹோம் தியேட்டர் கேள்வி-பதில்

கேள்வி (புளியரை): புது வீட்டில் 16 அடிக்கு 12 அடி முன்னறையைப் படம் பார்க்கவென்றே ஒதுக்கியிருக்கிறோம். மேலே ஓட்டுக் கூரை. சுவர் பூச்சு இன்னும் முடியவில்லை. ஒரு லட்ச ரூபாய்க்குள் ரிசீவர் (ஒலியைப் பிரித்துப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி), ஸ்பீக்கர் எல்லாம் அடங்க வேண்டும். தென்காசியில் '1000 வாட்ஸ்' செட் ஒன்றைக் காட்டுகிறார்கள். கேரளத்துப் புனலூர்க் கடைக்காரர் சேனலுக்கு (ஒரு ஸ்பீக்கருக்கான தனி ஒலிவழிக்கு) 80 வாட்ஸ் என்று போட்ட ரிசீவருக்கு அதைவிட அதிக விலை சொல்கிறார். கேரளத்தில் வரி குறைவு என்றும் சிலர் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: வரியை முதலில் பார்த்துவிடுவோம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்துவிட்டது; இப்போது மாநில எல்லையான கோட்டைவாசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே விகிதம்தான். விலை வித்தியாசம் கடைக்காரர் கையில் இருக்கிறது. பேரம் பேசுங்கள்.

அடுத்தது வாட்ஸ். பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள். அந்த எண் எப்படி அளக்கப்பட்டது என்பதைக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் தேடுங்கள். '8 ஓம், இரண்டு சேனல்கள் இயங்கும்போது, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, திரிபு 0.08 சதவீதம்' என்று இருந்தால் அது நாணயமான கணக்கு. (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு, திரிபு என்பது ஒலிச் சிதைவு.) '1 கிலோஹெர்ட்ஸ், ஒரே சேனல், திரிபு 10 சதவீதம்' என்று அளந்து, அதை எல்லாச் சேனலுக்கும் பெருக்கினால் யாரும் 1000 வாட்ஸைத் தொட்டுவிடலாம். பத்து சதவீதத் திரிபு என்பது காது வலிக்கும் இரைச்சல். அப்படிப்பட்ட 1000 வாட்ஸைவிட நேர்மையாக அளந்த 80 வாட்ஸ் எவ்வளவோ மேல்.

உங்கள் அறைக்கு 80 வாட்ஸ் தாராளம். வாட்ஸை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். அது காதுக்குக் கொஞ்சம் உயர்ந்ததுபோலத் தெரியும், அவ்வளவுதான். அதே 3 டெசிபெல்லைச் செலவில்லாமல் பெற ஒரு வழி உண்டு. ஸ்பீக்கரின் உணர்திறன் எண்ணை, அதாவது ஒரே சக்தியில் அது எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதைப் பாருங்கள். 85 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் பதில் 88 டெசிபெல் ஸ்பீக்கரை எடுத்தால் ரிசீவர் பாதிச் சக்தியிலேயே அதே ஒலியைத் தந்துவிடும். ஆகவே பணத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போகட்டும். ரிசீவர்கள் சில ஆண்டுகளில் பழைய மாடலாகிவிடுகின்றன. நல்ல ஸ்பீக்கர் இருபது ஆண்டு உழைக்கும்.

எத்தனை சேனல்? 5.1 போதும், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் கனத்த ஒலிக்கென்று ஒரு சப்வூஃபரும். சோபா பின்சுவரை ஒட்டித்தான் வரும் என்றால், முதுகுக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் வைக்க இடமேது? 7.1-க்குக் கொடுக்கும் பணம் வீண். தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி அட்மாஸ் வேண்டும் என்று கேட்டு, மேல்நோக்கி ஒலியை எறியும் ஸ்பீக்கர்களை வாங்கிவிடாதீர்கள். அவை தட்டையான மேற்கூரையில் பட்டுத் திரும்பும் ஒலியை நம்பி இருப்பவை. சரிந்த ஓட்டுக் கூரையில் அந்த ஒலி எங்கோ சிதறிவிடும். கான்கிரீட் தளம் போட்ட வீடாக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

பூச்சு முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் அதிர்ஷ்டம். இப்போதே சுவருக்குள் குழாய் பதித்துவிடுங்கள். ஸ்பீக்கர் ஒயருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு போதும், பத்து மீட்டருக்கு மேல் ஓடினால் 2.5. செம்பு பூசிய அலுமினிய ஒயரைச் செம்பு என்றே விற்பார்கள். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கடத்தும் எச்.டி.எம்.ஐ. ஒயருக்குத் தனிக் குழாய், அகலமாக. முக்கால் அங்குலக் குழாயில் அதன் முனை நுழையாது. பிறகு சுவரை உடைக்க நேரும்.

கேள்வி (செங்கோட்டை): ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் வாங்கி ஆறு மாதமாகிறது. பாட்டும் சண்டையும் வந்தால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. பேசினால் ஒன்றும் புரியவில்லை. ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறோம். ரிசீவரை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதே குறையைச் சொல்பவை. கோளாறு பெரும்பாலும் பெட்டியில் இருப்பதில்லை, அதை வைத்த விதத்தில் இருக்கிறது.

போன ஆடியில் உங்கள் ஊரிலேயே ஒரு நண்பர் வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். வெளியே சாரல். டி.வி.க்குக் கீழே மர ஷோகேஸ். அதன் நடுத்தட்டில், ஓர் முழம் உள்ளே தள்ளி, நடு ஸ்பீக்கர். அதற்கு முன்னால் ஒரு சாமி படமும் பிளாஸ்டிக் பூச்சாடியும். சினிமாவில் வரும் பேச்சில் பெரும்பகுதி அந்த நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. அதைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டால் பானைக்குள் பேசியதுபோல்தான் கேட்கும். படத்தையும் சாடியையும் மேல்தட்டுக்கு ஏற்றினோம். ஸ்பீக்கரை முன்னால் இழுத்து, அதன் முகம் தட்டின் விளிம்போடு ஒட்டி நிற்குமாறு வைத்தோம். முன்பக்கத்துக்குக் கீழே ஒரு ரப்பர்த் துண்டை மடித்துச் செருகியதும், தரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்பீக்கர் உட்கார்ந்திருப்பவர்களின் காதை நோக்கி நிமிர்ந்தது.

அடுத்து டி.வி. அதன் ஒலி அமைப்பில் 'பி.சி.எம்.' என்று இருந்தது. ஆறு சேனல் ஒலியை டி.வி. தானே இரண்டாகக் குறுக்கி அனுப்பிக்கொண்டிருந்தது, ரிசீவர் அதைப் பார்த்து ஊகித்துப் பிரித்துக்கொண்டிருந்தது. அதை, ஒலியை அப்படியே அனுப்பும் 'பாஸ் த்ரூ' என்று மாற்றினோம். சில டி.வி.களில் 'பிட்ஸ்ட்ரீம்' என்று இருக்கும். டி.வி.யில் ஏ.ஆர்.சி. அல்லது இ.ஏ.ஆர்.சி. என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளையில்தான் ரிசீவரின் ஒயர் இருக்க வேண்டும். பக்கத்துத் துளையில் செருகினால் டி.வி.யின் ஒலி ரிசீவருக்கு வராது.

மூன்றாவதாக மைக். ரிசீவருடன் அளவீட்டுக்கென்று ஒரு சிறு மைக் வருமே, அதைச் சோபா மெத்தைமேல் போட்டு, மின்விசிறி சுழல, ஓட்டின்மேல் மழை கொட்ட அளந்திருந்தார்கள். ரிசீவர் மழையையும் சேர்த்துக் கேட்டுவிட்டுத் தப்பான கணக்குப் போட்டிருந்தது. மழை விட்டபின் விசிறியை நிறுத்தி, கேமரா முக்காலியில் மைக்கைக் காது உயரத்தில் பொருத்தி மறுபடி அளந்தோம். பிறகு எல்லா ஸ்பீக்கரையும் 'சிறியது' என்று குறித்து, எல்லையை 80 ஹெர்ட்ஸில் வைத்தோம். அதற்குக் கீழே உள்ள கனத்த ஒலியைச் சப்வூஃபர் ஏற்றுக்கொள்ளும், மற்றவை திணறாது. கடைசியாக நடு ஸ்பீக்கரை மட்டும் 2 டெசிபெல் உயர்த்தினோம். நண்பரின் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பத்து நிமிடம் பேசாமல் பார்த்துவிட்டு, "இப்போதுதான் அவன் ஏன் கோபிக்கிறான் என்று தெரிகிறது" என்றார்.

நீங்களும் இதே வரிசையில் செய்து பாருங்கள். ஒயரின் சிவப்பும் கருப்பும் ரிசீவர்ப் பக்கமும் ஸ்பீக்கர்ப் பக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். முன்னால் உள்ள ஒரு ஸ்பீக்கரில் அது மாறியிருந்தாலும் ஒலி மெலிந்து, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் போகும். பிறகு அறை நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். கணீரென்று திரும்பி ஒலித்தால் டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் பேச்சைக் குழப்புகின்றன என்று பொருள். கனமான திரைச்சீலை, தரையில் தடித்த விரிப்பு, பின்சுவரில் புத்தக அலமாரி. இவ்வளவுக்குப் பிறகும் இரவில் சிரமம் இருந்தால், ரிசீவரில் ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் இரவு அமைப்பு இருக்கும், அதைப் போடுங்கள்.

கேள்வி (கம்பம்): மைத்துனர் அமெரிக்காவிலிருந்து வருகிறார். அங்கே விலை மலிவாம். ரிசீவர் கொண்டுவரச் சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. அந்த ரிசீவரை நேரே செருகினால் அன்றோடு சரி. மின்மாற்றி தனியாக வாங்கி, அதன் சூட்டையும் முனகலையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். துபாயிலிருந்து வருவதற்கு வோல்ட் பிரச்சினை இல்லை, பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் அங்கு வாங்கியதற்கு இங்குள்ள சர்வீஸ் மையத்தில் வாரண்டி கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். வாங்கும் முன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): கோயம்புத்தூரில் ஒரு கடையில் ரிசீவர் வாங்கினேன். மூன்றாம் வாரமே இடது சேனல் பேசவில்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். 'வழக்குப் போடுவதானால் கோவையில் போடுங்கள்' என்கிறார்கள். நான் பாலக்காடு மாவட்டத்துக்காரன். என்ன செய்வது?

பதில்: இரண்டுமே சரியில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். ஆகவே 30 நாள் முடியும் முன்பே எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசியது சாட்சிக்கு நிற்காது.

வழக்கை நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்று அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்கிறது. வாளையாறு எல்லை தாண்டி அலைய வேண்டியதில்லை, பாலக்காட்டு நுகர்வோர் ஆணையம் போதும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல கடைக்காரர்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுகிறார்கள்.

கடைக்குப் போகும் முன் இடது ஸ்பீக்கரை அதன் ஒயரோடு கழற்றி ரிசீவரின் வலது முனையில் மாட்டிப் பாருங்கள். அங்கே பேசினால் பழுது ரிசீவரில். அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (குமுளி): ஐப்பசி இடியில் போன வருடம் ரிசீவரின் எச்.டி.எம்.ஐ. பலகை போய்விட்டது. ஸ்டெபிலைசர் போட்டால் தப்பிக்கலாமா?

பதில்: ஸ்டெபிலைசர் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்கு. இடிக்கு அது காவல் இல்லை. இடியின் மின்னெழுச்சி, அதாவது திடீரென்று பாயும் மிகை மின்சாரம், மின்கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. மொட்டைமாடி டிஷ் ஒயர், இணைய ஒயர் வழியாகவும் செட்டாப் பெட்டிக்குள் நுழைந்து, அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. மூலம் ரிசீவருக்குப் பாய்கிறது. மின்னெழுச்சித் தடுப்பான் பொருத்தலாம், ஆனால் வீட்டில் எர்த் சரியாக இல்லையென்றால் அது வெறும் பிளக் பலகைதான். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியை அளக்கச் சொல்லுங்கள். மேகம் கறுக்கும் மாலையில் ரிசீவரின் பிளக்கையும் டிஷ் ஒயரையும் கையால் பிடுங்கிவிடுங்கள், இடி தலைக்கு மேல் வரும்வரை காத்திராமல்.