நாண் ஏன் கையில் அடிக்கிறது? வில் பிடி பற்றி உங்கள் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே புகார்தான்: அம்பை விட்டதும் நாண் முன்கையில் பளீரென்று அடிக்கிறது. கேட்டவர்கள் ரிகர்வ் வில், அதாவது நுனிகள் முன்பக்கம் வளைந்த வில், பழகுபவர்கள். இடது கையில் வில்லைப் பிடித்து வலது கையால் இழுப்பவர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன். இடக்கைக்காரர்கள் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.

அக்கா, கல்லூரி அணியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. ஆர்ம் கார்டு (முன்கைக் கவசம்) போட்டும் அதற்கு மேலே, முழங்கை மடிப்புக்குப் பக்கத்தில் அடித்து நீலம் பாரித்துவிட்டது. பெரிய ஆர்ம் கார்டு வாங்கட்டுமா?

வாங்குங்கள், வலி குறையும். ஆனால் அடி நிற்காது. நாண் தன் வழியில்தான் போகிறது, உங்கள் முழங்கைதான் குறுக்கே நிற்கிறது. கன்றிய இடத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மணிக்கட்டுப் பக்கம் என்றால் பிடிக்கும் விதத்தையும், பிடிக்கும் நாணுக்கும் இடையிலுள்ள தூரத்தையும் சந்தேகப்படுங்கள். புஜத்திலோ மார்பிலோ பட்டால் தோளையும் தொளதொள சட்டையையும் பாருங்கள். உங்களுக்கு மடிப்புக்குப் பக்கத்தில் என்பதால் முழங்கையைத் திருப்பாமல் எய்கிறீர்கள்.

சுவரோரமாக நின்று தோள் உயரத்தில் இடது உள்ளங்கையைச் சுவரில் பதியுங்கள். கையை நீட்டினால் பலருக்கு முழங்கை மடிப்பு மேலே கூரையைப் பார்க்கும், முனை தரையைப் பார்க்கும். அந்த நிலையில் முழங்கையின் உட்புற எலும்பு நாணின் பாதைக்குள் துருத்திக்கொண்டிருக்கும். இப்போது உள்ளங்கை நகராமல், தோள் மேலே ஏறாமல், முழங்கையை மட்டும் திருப்புங்கள். மடிப்பு உங்கள் நெஞ்சு பார்க்கும் திசையையும், முனை முதுகுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். முதல் நாள் உள்ளங்கையும் சேர்ந்து திரும்பும், பரவாயில்லை. சரியாக வந்ததா என்று பார்க்க, சுவரிலிருந்து கையை எடுத்து அப்படியே மடக்குங்கள். கை நெஞ்சை நோக்கி மடங்கினால் சரி. முகத்தை நோக்கி மேலே வந்தால் இன்னும் திருப்பவில்லை என்று அர்த்தம். தினமும் பல் துலக்கும் நேரத்தில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுகூடச் செய்யலாம்.

எனக்குக் கை நீட்டினால் முழங்கை பின்பக்கமாக வளையும். திருப்பியும் உரசுகிறது, மேடம்.

அப்படிப்பட்ட கை பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, உண்டு. முழுக்கப் பூட்டாமல் ஒரு துளி தளர்த்தி வையுங்கள். ஒரு துளிதான். அதிகம் மடக்கினால் ஒவ்வொரு அம்புக்கும் இழுக்கும் நீளம் மாறி, குழுவாக விழ வேண்டிய அம்புகள் சிதறும். இடது காலைச் சற்றுப் பின்னுக்கு வைத்து இலக்கைப் பார்த்துத் திறந்து நின்றாலும் நெஞ்சுக்கும் நாணுக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

பிடியை இறுக்காதே என்று கோச் திட்டுகிறார். இறுக்காவிட்டால் வில் கீழே விழுந்துவிடாதா சார்?

சார் இல்லை, அக்கா! விழும், அதற்குத்தான் ஃபிங்கர் ஸ்லிங். பழைய ஷூ லேஸில் இரண்டு சுருக்குப் போட்டு, ஒன்றைக் கட்டை விரலிலும் மற்றதை ஆள்காட்டி விரலிலும் மாட்டினால் போதும், காசு செலவில்லை. வில்லைக் கயிறு பிடித்துக்கொள்ளும் என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் விரல்கள் இறுக்கத்தை விடும்.

பிடி எங்கே உட்கார வேண்டும் என்பதுதான் முக்கியம். உள்ளங்கையைப் பாருங்கள். கட்டை விரலின் அடியில் உள்ள சதை மேட்டில், ஆயுள் ரேகைக்கு இந்தப் பக்கம், வில்லின் அழுத்தம் விழ வேண்டும். ரேகையைத் தாண்டிச் சுண்டு விரல் பக்கம் போனால், சுத்தியலைப் பிடிப்பது போல முழுக் கையால் பிடிக்கிறீர்கள். மணிக்கட்டு உள்ளே தள்ளும், முன்கை நாணின் வழியில் வரும், விடும் நொடியில் வில்லும் முறுகும். சரியாக வைத்தால் விரல் முட்டிகள் சுமார் 45 பாகை சாய்ந்து நிற்கும், கடைசி மூன்று விரல்களும் சும்மா மடங்கிக் கிடக்கும்.

சந்தேகமிருந்தால் பிடியில் கொஞ்சம் முகப்பவுடரைத் தடவி ஓர் அம்பு எய்து, கையைத் திருப்பிப் பாருங்கள். கட்டை விரல் மேட்டில் மட்டும் வெள்ளை இருந்தால் நல்லது. உள்ளங்கை முழுக்க வெள்ளையானால் கோச் திட்டுவது நியாயம்தான்.

முதல் முப்பது அம்பு வரை ஒன்றுமில்லை. அப்புறம் அடிக்க ஆரம்பிக்கிறது.

களைப்பு. இடது தோள் காதை நோக்கி ஏறத் தொடங்கியிருக்கும், அதோடு முழங்கையும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பக்கத்திலிருந்து செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லி, முதல் அம்பையும் கடைசி அம்பையும் ஒப்பிடுங்கள். வில்லின் பவுண்டு, அதாவது அதை இழுக்கத் தேவையான விசை, உங்களுக்கு அதிகமாகவும் இருக்கலாம். வில்லில் எழுதியிருப்பது 28 அங்குலம் இழுத்தால் உள்ள கணக்கு. அதைவிட நீளமாக இழுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 2 பவுண்டு கூடும். நீளமான கைக்காரர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கௌரவம் பார்க்காமல் லேசான லிம்ப் (பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) மாற்றிக்கொள்ளுங்கள்.

வில்லிலேயே கோளாறு இருக்க வாய்ப்பில்லையா?

உண்டு. பிரேஸ் ஹைட், அதாவது பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரை உள்ள தூரம், குறைந்துபோனால் நாண் மணிக்கட்டை நெருங்கி ஓடும். 68 அங்குல ரிகர்வுக்கு எட்டரை முதல் ஒன்பது அங்குலம் பொதுவாகச் சரியாக இருக்கும். உங்கள் வில்லின் கையேட்டையும் பாருங்கள். புது நாண் சில நாளில் தொய்யும். கழற்றி இன்னும் சில முறுக்குப் போட்டால் நாண் குட்டையாகி இந்தத் தூரம் கூடும். சோதிக்கிறேன் என்று அம்பில்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள், லிம்ப் விரிசல் விட்டுவிடும்.

அந்தக் காலத்து வில்லாளிகள் எப்படிச் சமாளித்தார்கள்?

அவர்களும் தோல் கட்டிக்கொண்டார்கள், தழும்பும் வாங்கினார்கள். விராட பருவத்தில் அஞ்ஞாதவாசத்துக்குக் கிளம்பும்போது அர்ஜுனனுக்கு இதுதான் கவலை: நாண் தழும்பேறிய கைகளை எப்படி மறைப்பது? வளையல் போட்டு மறைத்தான். இரு கையாலும் எய்பவன் என்பதால் இரு கையிலும் தழும்பு!

ஜப்பானின் பாரம்பரிய வில்வித்தையான கியூடோவில் வேறு வழி. அம்பு போனதும் வில் பிடிக்குள்ளேயே சுழன்று, நாண் முன்கையின் வெளிப்பக்கம் வந்து நிற்கும். யுகாயெரி என்று பெயர். வேண்டுமென்றே கையைத் திருகுவதில்லை. பிடி சரியாக இருந்தால் தானாக நடக்கும். நம் ரிகர்வில் இதை முயல வேண்டாம்.

பத்து வயது மகனுக்கு ஒருமுறை பலமாக அடித்தது. இப்போது விடும்போதே கண்ணை மூடிக் கையை இழுத்துக்கொள்கிறான், அம்மாவாக எனக்கே பயமாக இருக்கிறது.

பயம்தான் அடுத்த அடியைக் கொண்டுவரும், கை நடுங்கி உள்ளே வரும். ஒரு வாரம் வில்லே வேண்டாம், ரப்பர் பேண்டை இழுத்து முழங்கையைத் திருப்பப் பழகட்டும். பிறகு 10 முதல் 16 பவுண்டுக்குள் ஒரு வில், புஜம் வரை நீளும் ஆர்ம் கார்டு, அஞ்சு மீட்டரில் பெரிய அட்டை. புள்ளி கணக்குப் பார்க்காதீர்கள் அம்மா.

அடித்த இடம் வீங்கிவிட்டது. எண்ணெய் தேய்க்கலாமா?

தேய்க்காதீர்கள். துணியில் சுற்றிய ஐஸை அவ்வப்போது பத்து நிமிடம் வையுங்கள், அன்றைக்கு எய்வதை நிறுத்துங்கள். விரல் மரத்துப்போனாலோ வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் எப்போதாவது ஒன்று உரசுகிறது.

இழுக்கும் கையைப் பாருங்கள். நாணிலிருந்து விரல்களை விரித்துப் பிடுங்கினால் நாண் பக்கவாட்டில் அதிகமாக ஆடிக்கொண்டு போகும். விரல்களைத் தளர்த்தினால் போதும், நாண் தானே கிளம்பும். கை தாடையை ஒட்டிக் கழுத்துப் பக்கம் பின்னால் போகட்டும். அம்பு அட்டையில் குத்தும்வரை வில் கையை இறக்காதீர்கள்.