ஸ்ப்ரிங் சத்தத்துக்கு ஸ்பாஞ்சு போதும்

நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியவர்கள் எழுதியவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புதியவர்களுக்கு: ஸ்ட்ராட் என்பது பிரபலமான ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் மாடல். ப்ரிட்ஜ், கிட்டார் உடலின்மேல் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பாகம். ட்ரெமோலோ, ‘பார்’ என்ற கைப்பிடியால் அந்த ப்ரிட்ஜைச் சாய்த்துச் சுருதியை ஏற்றியிறக்கும் அமைப்பு.

கே: கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கி நிறுத்திய பிறகும் முதுகுப் பக்கத்திலிருந்து ஒரு ரீங்காரம் இரண்டு மூன்று விநாடி கேட்கிறது. ஸ்ட்ராட் மாடல், ட்ரெமோலோ உள்ளது. பழுதுபார்ப்பவர் ப்ரிட்ஜையே மாற்றச் சொல்கிறார். 4,500 ரூபாய் ஆகுமாம். (கோவை)

ப: மாற்றாதீர்கள். முதுகிலுள்ள பிளாஸ்டிக் மூடியைத் திறந்தால் மூன்று முதல் ஐந்து ஸ்ப்ரிங்குகள் தெரியும். ஒரு முனை ப்ரிட்ஜின் அடியில் தொங்கும் உலோகக் கட்டையிலும், மறுமுனை இரண்டு திருகுகளால் மரத்தில் பிடித்திருக்கும் ‘க்ளா’ என்ற தகட்டிலும் மாட்டியிருக்கும். முன்பக்கக் கம்பிகளின் இழுப்பை ஈடுகட்டுவது இவைதான். வீணையில் ஒரு தந்தியை மீட்ட, அதே சுருதியில் இன்னொரு தந்தி தானாக அதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். இழுத்துக் கட்டிய ஸ்ப்ரிங்கும் அப்படித்தான் அதிரும். கம்பியை நிறுத்திவிட்டீர்கள், ஸ்ப்ரிங்கை நிறுத்தவில்லை. கட்டை வழியாக அந்த அதிர்வு திரும்ப வந்து பிக்-அப்பில் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம்) விழுகிறது.

முதலில் சோதியுங்கள். நீங்கள் ஒரு கார்டை (சில ஸ்வரங்களை ஒன்றாக) அடித்து நிறுத்தும்போது இன்னொருவர் விரல்களால் ஸ்ப்ரிங்குகளை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். சத்தம் போய்விட்டால் வேறு காரணம் தேட வேண்டாம். போகவில்லையென்றால், தலைப்பக்கம் நட்டுக்கும் (கம்பிகள் படிந்து செல்லும் சிறு பட்டை) முறுக்காணிகளுக்கும் நடுவிலுள்ள கம்பித் துண்டுகளைத் தொட்டுப் பாருங்கள். அங்கிருந்து வந்தால், தலைமுடிக்குப் போடும் துணி ரப்பர்பேண்டு ஒன்றை அங்கே சுற்றினால் முடிந்தது.

ஸ்ப்ரிங்தான் என்றால், பாத்திரம் கழுவும் புது ஸ்பாஞ்சிலிருந்து ஒரு பட்டை வெட்டி, ஸ்ப்ரிங்குகளுக்கும் குழியின் தரைக்கும் இடையில் செருகுங்கள். ஸ்ப்ரிங்கை உரசி நின்றால் போதும், திணிக்கக் கூடாது. கட்டை ஊசலாடும் இடத்தைக் காலியாக விடுங்கள். அங்கே அடைத்தால் பார் நகராது, சுருதியும் திரும்பி வராது. நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்பாஞ்சு நாளடைவில் பிசுபிசுத்துப் பொடியும், ஆகவே வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். நீடித்து உழைக்க வேண்டுமென்றால் எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூபை ஸ்ப்ரிங்கின் மேல் மாட்டிச் சூடுகாட்டிச் சுருக்கலாம். அதற்கு ஸ்ப்ரிங்கைக் கழற்ற வேண்டும். கம்பிகளை நன்றாகத் தளர்த்தாமல் கழற்றாதீர்கள், தெறித்தால் கண்ணில் படும்.

கே: ‘சத்தமில்லா ஸ்ப்ரிங்’ என்று ஆன்லைனில் 1,900 ரூபாய்க்கு ஒரு செட் வருகிறது. வாங்கலாமா? (திருச்சி)

ப: வேண்டாம். அப்படியொரு செட்டை நான் வாங்கினேன். மாட்டி, ப்ரிட்ஜ் மட்டத்தைச் சரிசெய்து, ஆறு கம்பியையும் மறுபடி சுருதி சேர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. ரீங்காரம் அப்படியே இருந்தது. மறுநாள் ஒரு துண்டு ஸ்பாஞ்சு வைத்தேன், நின்றது. அந்தப் பணம் இன்றும் உறுத்துகிறது.

கே: ட்ரெமோலோ பார் துளைக்குள் கடகடவென்று ஆடுகிறது.

ப: மரையில் டெஃப்லான் டேப் இரண்டு சுற்று.

கே: பாரை அமுக்கும்போது ‘கிறீச்’ என்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டேன், ஒரு வாரம் சரியாக இருந்தது. (நாகர்கோவில்)

ப: எண்ணெயைத் துடைத்தெடுங்கள். அது தூசியைப் பிடிக்கும், குளிரில் உறையும். ஸ்ப்ரிங் கொக்கி க்ளாவையும் கட்டையையும் தொடும் இடங்களில் குண்டூசித் தலையளவு வாசலின் வையுங்கள்.

கே: வாட்ஸ்அப் குழுவில் படம் பார்த்துப் பழைய ஸ்ட்ராட் வாங்கினேன். ஸ்ப்ரிங் சத்தத்துக்கு ஃபோம் திணித்தேன். அன்றிலிருந்து ஆம்பில் (ஒலிபெருக்கியில்) ‘உய்ய்’ இரைச்சல். கம்பியைத் தொட்டால் மாற்றமில்லை, கேபிள் சொருகும் ஜாக் தகட்டைத் தொட்டால் குறைகிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? (சேலம்)

ப: இதில் விற்றவர்மேல் பழி போடாதீர்கள். க்ளாவில் ஒரு மெல்லிய ஒயர் சால்டர் செய்திருக்கும்; கம்பிகளுக்கு எர்த் அதன் வழியாகத்தான் வருகிறது. பார்க்காமல் திணித்ததில் அது பிய்ந்திருக்கும். சால்டரிங் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. ஆம்பில் சொருகிக்கூடக் கேட்காமல் பணம் அனுப்பியிருக்கிறீர்கள். இப்படி வரும் கடிதம் இந்த மாதத்தில் இது நான்காவது. நேரில் போய், மூடியைத் திறந்து பார்த்து, ஆம்பில் கேட்டுவிட்டு வாங்குங்கள் என்று எத்தனை முறை எழுதுவது? இன்னொன்று: ஆம்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிட்டுப் பயன்படுத்தாதீர்கள். ஆம்பில் கோளாறு வந்தால் மின்சாரம் உங்கள் விரலிலுள்ள கம்பிக்கே வரும்.

கே: மகனுக்கு 14,000 ரூபாயில் புது கிட்டார் வாங்கினோம். பார் முதல் நாளே தளர்ந்து ஆடியது. கடையில் வேறொரு பாரை அழுத்தித் திருகிக் கொடுத்தார்கள். இப்போது எந்த பாரும் நிற்கவில்லை. ‘ட்ரெமோலோ என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லிலேயே இருக்கிறது’ என்கிறார்கள். வாங்கிப் பதினொரு நாள் ஆகிறது. (மதுரை)

ப: அம்மா, உங்கள்மேல் ஒரு தவறும் இல்லை. அமெரிக்க ஸ்ட்ராட் பாரில் 10-32 என்ற அங்குல மரை இருக்கும். ஆசியத் தயாரிப்புகள் பலவற்றில் மெட்ரிக் மரை. ஒன்றின் துளையில் மற்றொன்றைப் பலவந்தமாகத் திருகினால் கட்டையின் மரை அழிந்துபோகும். அதைச் செய்தது கடைக்காரர். டெஃப்லான் டேப்பால் இது சரியாகாது.

அந்த பில் வாசகத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. துணிக்கடை, பாத்திரக்கடை, செருப்புக்கடை என எங்கும் அச்சடித்து வைத்திருக்கிறார்கள், நாமும் அது சட்டம் என்று நம்பித் திரும்பி வந்துவிடுகிறோம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 என்ன சொல்கிறது? குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் பணத்தைத் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் தராமலிருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. மனம் மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுக்க இந்தச் சட்டம் உதவாது. உங்களுடையது குறையுள்ள பொருள்.

உங்களுக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது. மரை அழிந்த துளையைப் படமெடுங்கள். பார் நிற்காததை வீடியோ எடுங்கள். மாற்றித் தரவோ பணத்தைத் தரவோ கேட்டு, தேதி போட்டு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபால். அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதுவரை கிட்டாரை வேறு யாரிடமும் பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள். கடை என்ன பதில் சொன்னது என்று எனக்கு எழுதுங்கள்.

கே: நான் பாரைத் தொடுவதே இல்லை. ட்ரெமோலோவை முழுதாக முடக்கிவிடலாமா? (புதுச்சேரி)

ப: தாராளமாக. எரிக் க்ளாப்டன் ஸ்ட்ராட்டில் அப்படித்தான் வாசிக்கிறார். கட்டைக்கும் குழிச் சுவருக்கும் நடுவில் அளவாக இழைத்த மரத்துண்டைச் செருகச் சொல்லுங்கள், தச்சரே செய்வார். ஸ்ப்ரிங்குகள் உள்ளே இருக்கும்வரை ஸ்பாஞ்சும் இருக்கட்டும்.